சாவாத ஆடும் சர்க்கார் பென்ஷனும்

வா கண்ணு, குந்து. தாமல் ஏரிக்கரையில காத்துக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க. அந்தப் போனை ஒண்டி சித்த நேரம் பாக்கெட்டுல போடு. பச்சைக் கோடு ஏறுனா சிரிக்கிற, செவப்புக் கோடு எறங்குனா முழிக்கிற. பாக்கற எனக்கே மயக்கம் வருது.

இப்ப இன்னாமோ பெரிசாப் பேசிக்கிறாங்களே? வயசானவங்க பென்ஷனுக்கு உண்டான துட்டை ஷேர் மார்க்கெட்டுல போடணுமாம். போட்டா பெருகுமாம், போடாட்டி சர்க்கார் கஜானா காலியாயிடுமாம். டிவியில ஒருத்தர் டை கட்டிக்கினு சொல்றாரு. எதிர்ல இன்னொருத்தர், அவரும் டை கட்டிக்கினு, போட்டா கெழவன் கெழவியெல்லாம் நடுத்தெருவுக்கு வந்துடுவாங்கன்றாரு. உங்க ரெண்டு பேருக்கும் பென்ஷன் இருக்குதா, அது எங்கேருந்து வருதுன்னு ஒருத்தனாவது கேட்டானா? தறியில குந்திப் பொழைச்சவன் நான். எனக்கு மொதல்ல தோணுற கேள்வி அதான்.

நம்ம நாட்டு வேடிக்கையைக் கேளு. ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு வாத்தியாருன்னு வெச்சுக்கோ. ஒருத்தர் 2003 மார்ச்சு கடைசியில சேந்தவரு. இன்னொருத்தர் மறுநா, ஏப்ரல் ஒண்ணாந் தேதி சேந்தவரு. ஒரே கரும்பலகை, ஒரே ஹெட்மாஸ்டர், ஒரே திட்டு. மார்ச்சு வாத்தியாருக்கு ரிட்டயர் ஆனா கடைசிச் சம்பளத்துல பாதி, சாவற வரைக்கும். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அவருக்கு அப்பால சம்சாரத்துக்கும் உண்டு. ஏப்ரல் வாத்தியாருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. சம்பளத்துல நூத்துக்குப் பத்து புடிச்சாங்க, சர்க்கார் பத்து போட்டுச்சு, கடைசியில மொத்தமா ஒரு தொகையைக் கையில குடுத்து ஒரு கும்புடு. மாசாமாசம் வர்றது அப்ப கெடையாது. ஏப்ரல் ஒண்ணு என்ன நாளுன்னு உனக்குத் தெரியாதா? அன்னிக்குன்னு பாத்தா திட்டத்தைத் தொடங்கணும்?

இருபது வருசத்துக்கு மேல வாத்தியாருங்க கொடி புடிச்சாங்க. எங்க காசை ஷேர் மார்க்கெட்டுல உடாதேன்னு தொண்டை கிழியக் கத்தினாங்க. வேடிக்கை இன்னான்னா, நம்ம தமிழ்நாட்டுக் காசு அந்தப் பக்கம் போவவே இல்ல! டில்லியில இருக்கற பென்ஷன் ஆணையத்துல தமிழ்நாடு சேரவே இல்ல கண்ணு. மேற்கு வங்காளமும் நாமும்தான் அப்படி ஒதுங்கி நின்னது. வாத்தியார் காசு எல்.ஐ.சி.யிலயும், ரிசர்வ் பேங்கு விக்கிற சர்க்கார் கடன் பத்திரத்துலயும் கெடந்து, பி.எஃப். வட்டி வாங்கிக்கினு தூங்குச்சு. புலி வருதுன்னு கத்தினாங்க. புலி ஊருக்குள்ளயே வரல. ஆனா ஆட்டைக் காணோம்! மாசாமாசம் வர்ற பென்ஷன் போச்சா இல்லையா?

டில்லி சர்க்கார் ஆளுங்க காசு தான் மெய்யாலுமே மார்க்கெட்டுக்குப் போச்சு. 2004 ஜனவரி ஒண்ணுலேருந்து வேலைக்குச் சேந்தவங்களுக்கு என்.பி.எஸ்.னு புதுப் பென்ஷன் திட்டம். ஸ்டேட் பேங்கு, எல்.ஐ.சி., யூ.டி.ஐ. மூணு பேரு கையில துட்டு. அதுவும் எம்மாம்? ரொம்ப வருசமா, நீயா எதையும் எழுதிக் குடுக்காட்டி நூத்துக்குப் பதினஞ்சு ரூபாய்க்கு மேல ஷேருக்குப் போனதில்ல. மிச்சம் எல்லாம் பத்திரம். இந்தப் பதினஞ்சு ரூபாய்க்குத்தான் அம்மாம் சண்டை.

இன்னொண்ணு கவனிச்சியா? அந்த என்.பி.எஸ்.ல பட்டாளத்துக்காரங்கள சேக்கல. அவங்களுக்குப் பழைய பென்ஷனே. சிலி நாட்டுலயும் இதே கதைதான். 1981ல அங்க ராணுவ ஆட்சி. ஜனங்களோட பென்ஷனையெல்லாம் தனியார் கம்பெனி கையில குடுத்துட்டு, ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஒண்டி பழைய ஏற்பாட்டையே வெச்சுக்கிட்டாங்க. நல்ல சரக்குன்னா மொதல்ல உங்க வூட்டுக்கு எடுத்துக்கினு போவ வேண்டியதுதானே? துப்பாக்கி வெச்சிருக்கறவன் கிட்ட எவனும் நாளைக்கு லாபம் வரும்னு சொல்லத் துணியல. அவ்ளோதான்.

நம்ம எம்.பி.ங்க கதை அதுக்கு மேல. ஒரு தடவை ஜெயிச்சுப் போயி உக்காந்தவருக்கு மாசம் 31,000 ரூபா பென்ஷன். அதைக் கொண்டு போயி சென்செக்ஸுல போடுங்கன்னு எந்தக் கமிட்டியாவது சொல்லி இருக்குதா? சொல்லட்டுமே, நானும் கைதட்டறேன்.

இரு, உன் மூஞ்சி சுருங்குது. மார்க்கெட்டைத் திட்டுறேன்னு நெனைக்காதே. அதுக்கும் ஒரு நியாயம் இருக்குது, அதையும் சொல்றேன்.

1962ல நம்ம ராஜ்ஜியத்துல ஆதரவில்லாத கெழவங்களுக்கு முதியோர் பென்ஷன் ஆரம்பிச்சாங்க. காமராஜர் காலம். மாசம் இருபது ரூபா. சிரிக்காதே. அப்ப ஒரு பவுனு நூறு ரூபாய்க்கு உள்ளதான். அஞ்சு மாச பென்ஷனைச் சேத்தா ஒரு பவுனு. இப்ப அதே பென்ஷன் 1,200 ரூபா, 2023லேருந்து. பவுனு லட்சத்தைத் தொட்டுடுச்சு. கணக்குப் போடு, உனக்குத்தான் போன்ல கணக்கு இருக்குதே. வாய்க்கும் வயித்துக்கும் ஒண்ணும் எடுக்காம ஏழு வருசம் சேக்கணும். அறுபது மடங்கு ஏத்திக் குடுத்துட்டோம்னு சர்க்கார் சொல்லிக்கலாம், பொய்யில்ல. கெழவனுக்கு ஏறுச்சா எறங்குச்சா? டில்லி பங்கைக் கேட்டா இன்னும் வேடிக்கை. எண்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அவங்க தர்றது மாசம் 200 ரூபா. ரொம்ப வருசமா அந்த 200 நகரவே இல்ல. மிச்சத்தை நம்ம ராஜ்ஜியம் போடுது.

ஆக, துட்டை மூட்டை கட்டி பத்திரமா வெச்சாலும் விலைவாசி அரிச்சுடும். அதனால கொஞ்சம் துட்டை ஓடவிட்டு வேலை செய்ய வெக்கணும்றாங்க. தப்பில்ல. உன்ன மாதிரி ஒரகடத்துக் கம்பெனிக்குப் போற பிள்ளைங்க பி.எஃப். கூட 2015 ஆகஸ்டுலேருந்து ஷேர்ல போவுது, தெரியுமா? மொத வருசம் புதுசா வர்ற துட்டுல நூத்துக்கு அஞ்சு, அப்பால பத்து, இப்ப பதினஞ்சு வரைக்கும். தெரியலையா? உன் துட்டுப்பா அது. அதே பிள்ளைங்களோட பென்ஷன் திட்டத்துல 2014லேருந்து ஆகக் குறைஞ்ச பென்ஷன் ஆயிரம் ரூபா. ஆயிரத்தை வெச்சுக்கினு காஞ்சிபுரத்துல ஒரு மாசம் டீ குடிக்கலாம். பன்னு கேக்காதே.

சரி, ஓடவிட்ட துட்டு எப்பவும் திரும்பி வருமா? 2008 ஜனவரியில சென்செக்ஸ் 21,000த்தைத் தாண்டுச்சு. ஊரெல்லாம் மத்தாப்பு. அதே வருசம் அக்டோபர்ல எட்டாயிரத்துக்கும் கீழ எட்டிப் பாத்துச்சு. இப்ப உன்ன மாதிரி ஒருத்தன் வருவான். தாத்தா, 2010 தீவாளிக்கு மறுபடி 21,000 வந்துடுச்சு, பொறுத்தவன் பொழைச்சான்னு சொல்லுவான். வந்துச்சு, ஒத்துக்கிறேன். 2020 மார்ச்சு 23ல ஒரே நாள்ல நாலாயிரம் புள்ளி கிட்ட விழுந்துச்சு, அந்த வருசம் முடியறதுக்குள்ள எழுந்து 47,000த்தைத் தாண்டுச்சு. அதையும் ஒத்துக்கிறேன். உனக்கு இருபத்து மூணு வயசு, நீ பொறுப்ப. 2008 அக்டோபர்ல ரிட்டயர் ஆனவன் இன்னா பண்ணுவான்? மளிகைக் கடைக்காரன் கிட்ட 2010 தீவாளி வரைக்கும் பொறுப்பான்னு சொல்றதா? ரெண்டு பேரு ஒரே மாதிரி முப்பது வருசம் உழைச்சு, ஒரே மாதிரி சேத்து, ஒருத்தன் ஜனவரியில ஓய்வு வாங்கறான், இன்னொருத்தன் அக்டோபர்ல. பொறந்த தேதி தவிர ரெண்டாமவன் செஞ்ச குத்தம் இன்னா?

சிலியில அப்படித்தான் ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனித் தலையெழுத்து. கொரோனா வந்தப்ப சனங்க பசி தாங்காம, சொந்த பென்ஷன் கணக்குலேருந்து பத்து சதவீதம் பத்து சதவீதமா மூணு தடவை எடுத்துக்கச் சட்டமே போட்டாங்க. நெறைய பேரு கணக்கு காலி. முதலாளியும் ஒரு பங்கு போட்டே ஆவணும்னு 2025லதான் திருத்தினாங்க. நாப்பத்து நாலு வருசம் கழிச்சு வந்த ஞானம்!

நார்வேக்காரன் வேற தினுசு. கடல்ல எண்ணெய் கெடைச்சுது. 1996லேருந்து அந்தத் துட்டை ஒரே பொது உண்டியல்ல கொட்டி, அப்பால உலகத்துக் கம்பெனிங்களோட ஷேரா வாங்கி அடுக்கினான். இப்ப நூத்துக்கு எழுபது ரூபாய் கிட்ட ஷேரு. நம்ம பதினஞ்சு எங்க, அந்த எழுபது எங்க! 2008ல அவனுக்கும் அடி. நூத்துக்கு இருபத்து மூணு ரூபா போச்சு. ஆனா உண்டியல் எறங்குச்சேன்னு எந்த நார்வே கெழவனுக்கும் அந்த மாசம் பென்ஷனைக் குறைக்கல. ஏன்னா நட்டம் உண்டியலோடது, கெழவனோடது இல்ல. சர்க்கார் வருசத்துக்குக் கிட்டத்தட்ட நூத்துக்கு மூணு ரூபாய்க்கு மேல எடுக்காம கையைக் கட்டிக்கினு இருக்குது. அதே ஷேர் மார்க்கெட்டுதான், அதே 2008தான். ஒரு ஊருல கெழவன் தூங்குனான், இன்னொரு ஊருல முழிச்சுக்கினு இருந்தான்.

இதையெல்லாம் டை கட்டினவங்க புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி பேசறாங்க. தொண்டைமண்டலத்துப் பழைய கோயில் சுவத்தையெல்லாம் நின்னு பாத்திருக்கியா? நீ செல்ஃபிக்கு நிப்ப, கல்வெட்டு உன் முதுகுக்குப் பின்னால இருக்கும். சோழர் காலத்துல கோயில்ல நந்தா விளக்கு எரியணும்னு ஒருத்தர் தொண்ணூறு ஆடு, தொண்ணூத்தாறு ஆடுன்னு எழுதி வெப்பாரு. இடையருங்க அந்த மந்தையை வாங்கிக்குவாங்க. வாங்கினா தெனம் இத்தனை நெய் கோயிலுக்கு அளக்கணும், சூரியன் சந்திரன் உள்ள வரைக்கும். அந்த ஆட்டுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு. ஆடு சாவாமலா இருக்கும்? சாவும், கெழடாவும், நோய் வந்து மந்தையோட போவும். ஆனா கணக்குல சாவக் கூடாது. செத்த ஆட்டுக்குப் பதிலா குட்டியை வளத்து மந்தையை அதே தொண்ணூறா வெச்சிருக்க வேண்டியது மேய்க்கறவன் பாடு. இந்த வருசம் பால் வத்திடுச்சு, விளக்கை அரை வேளை அணைச்சு வெய்யின்னு கோயில்ல போயி சொல்ல முடியாது. நல்ல வருசத்துல மந்தை பெருகுனா மிச்சமெல்லாம் அவனுக்கே. கெட்ட வருசத்துலயும் நெய் வந்தாவணும்.

பழைய பென்ஷன் இதான் கண்ணு. மேய்க்கறவன் சர்க்கார், நெய் வாத்தியாருக்கு. டில்லி என்.பி.எஸ்.ல இன்னா பண்ணாங்க? ஆட்டை வேலை பாத்தவன் கையில குடுத்துட்டு, ஆடு செத்தா நீ பாத்துக்கோன்னாங்க. மேய்ச்சல் கூலி ஒண்டி கரெக்டா துட்டை மேய்க்கற கம்பெனிக்குப் போவுது. ஆடு செத்த மாசத்துலயும் போவுது!

உடனே பழைய பென்ஷனே சொர்க்கம்னு கொடி புடிக்கக் கிளம்பிடாத. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்கண்ட், பஞ்சாப், இமாச்சல்னு வரிசையா பழசுக்குத் திரும்பறோம்னு அறிவிச்சாங்க. சர்க்கார் குடுக்கும்ன்றாங்க. சர்க்காருக்கு எங்க தறி ஓடுது, எங்க பட்டு அறுக்குது? தறிக்காரன் வாங்கற சோப்புலயும் பிஸ்கோத்துலயும் இருக்கற வரிதான் அது. கோர்வைச் சேலைக்கு மூணு நாடா தள்ளி, தோளு தேஞ்சவனுக்கு அந்த மாதிரிப் பென்ஷன் கெடையாது. அவன் கட்டுற வரியில வாத்தியாருக்குப் பாதிச் சம்பளம் சாவற வரைக்கும். வாத்தியார் மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு எனக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தந்தவரு. எனக்கும் ஒரு பங்கு எங்கன்னு கேக்கறேன்.

நெசவாளருக்கு ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லிடக் கூடாது. கூட்டுறவு சங்கத்துல இருக்கறவங்களுக்குச் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு உண்டு. கூலியில ரூபாய்க்கு எட்டு காசு நாம போடணும், சர்க்கார் நாலு காசு போடும். காசுதாம்பா, ரூபாயில்ல. உனக்குக் காசைக் கண்ணால பாத்த ஞாபகம் இருக்குதா? முதலாளி கிட்ட முன்பணம் வாங்கிக்கினு தனித் தறியில குந்தி இருக்கறவனுக்கு அந்த நாலு காசும் இல்ல. அவன் ரிட்டயர்மெண்டு தெரியுமா? கண்ணு தெரியாம ஜரிகை இழை தப்பிப் போற அன்னிக்கு. ஆர்டர் தர மாட்டாங்க, மாலையும் போட மாட்டாங்க.

பத்திரம்னா பத்திரமா இருக்கும்ன்ற பேச்சையும் நம்பாத. 2001 ஜூலையில யூனிட் டிரஸ்டுல யூ.எஸ்.64ன்ற சேமிப்புத் திட்டத்தை நிறுத்தி வெச்சாங்களே, அதுல காசு போட்டிருந்ததுல எம்மாம் பேரு ரிட்டயர் ஆனவங்க! ஷேர்ன்னா பயம், இது சர்க்கார் சமாச்சாரம்னு போட்டவங்க. 2018ல ஐ.எல்.எஃப்.எஸ்.னு ஒரு கம்பெனி, மூணு ‘ஏ’ மார்க்கு வாங்குன முதல் தரப் பத்திரம். அதுலயும் பி.எஃப்., பென்ஷன் பணமெல்லாம் போயி மாட்டிச்சு. மார்க்கு போட்டவன் பாஸு, காசு போட்டவன் ஃபெயிலு. இலங்கையில பி.எஃப். பணம் பெரும்பாலும் சர்க்கார் பத்திரத்துலதான் இருந்துச்சு. 2023ல சர்க்காரே கடன் கட்ட முடியாம வட்டியைக் குறைச்சுத் தவணையை நீட்டுச்சு. தோட்டத்துல கொழுந்து கிள்ளுற நம்ம சனங்க காசும் அதுலதான் இருக்குது.

அதனால ஷேரா பத்திரமான்னு நீ என்னைக் கேட்டா, மந்தையில எத்தனை ஆடு எத்தனை மாடுன்னு கேக்கற. மேய்க்கத் தெரிஞ்சவன் ரெண்டையும் வெச்சுக்கட்டும். செத்தா யாரு கணக்குல எழுதுவ? அதைச் சொல்லிட்டு அப்பால பேசு.

டில்லிக்கும் இது லேசா ஒறைச்சுடுச்சு போல. 2025 ஏப்ரல்லேருந்து ஒருங்கிணைந்த பென்ஷன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. மறுபடி ஏப்ரல் ஒண்ணு, கவனி! இருபத்தஞ்சு வருசம் வேலை பாத்தா கடைசி வருசத்து அடிப்படைச் சம்பளத்துல பாதி நிச்சயம். ஆளு சம்பளத்துல பத்து போடணும், சர்க்கார் பதினெட்டரை போடும். துட்டு மார்க்கெட்டுக்குப் போவும், கொறைஞ்சா சர்க்கார் ஈடு கட்டும். நம்ம ராஜ்ஜியமும் 2026 ஜனவரியில அதே பாணியில பாதிச் சம்பளம் உறுதின்னு அறிவிச்சுது, ஆளு பங்கு பத்து. இருபது வருசம் சுத்தி, தொண்ணூறு ஆட்டுக்கே வந்து நின்னுட்டாங்க. நடுவுல கமிட்டி, அறிக்கை, காபி, பகோடா.

ஆனா பாரு, அதுவும் சர்க்கார் ஆளுங்களுக்குத்தான். மத்தவனுக்கு 2015ல வந்த அடல் பென்ஷன். பதினெட்டு வயசுல மாசம் 210 ரூபா கட்ட ஆரம்பிச்சா, அறுபது வயசுல மாசம் 5,000. துட்டு பல எடத்துல போவும், கொஞ்சம் ஷேர்லயும். கொறைஞ்சா மத்திய சர்க்கார் ஈடு கட்டும். அந்த உறுதி வரைக்கும் நல்ல ஏற்பாடுதான், நான் கொறை சொல்ல மாட்டேன். நாப்பத்து ரெண்டு வருசம் கழிச்சு 5,000த்துக்கு இன்னா வாங்கலாம்னு ஒண்டி கேக்காத. இருபது ரூபாய்க்கு ஆன கதி ஞாபகம் வந்தா பேங்கு மேனேஜர் மூஞ்சி கோணும். விலைவாசியோட சேந்து அந்த அஞ்சாயிரமும் ஏறும்னு ஒரு வரி எழுதி இருக்கலாம். வாத்தியாருக்கு எழுதத் தெரிஞ்ச கை, தறிக்காரனுக்கு எழுதறப்ப வலிக்குது.

இன்னாத்துக்கு எழுந்திரிக்கிற? மார்க்கெட்டு கூப்புடுதா? போ, உன் செவப்புக் கோட்டைப் போயி பாத்துக்கினு இரு. அதுக்கு முன்னால ஒரு வேலை. அடல் பென்ஷன்ல நாப்பது வயசு தாண்டினா சேக்க மாட்டாங்க, வருமான வரி கட்டுறவங்களையும் சேக்க மாட்டாங்க. உங்க வூட்டுப் பக்கத்துல தறி நெய்யுற சித்திக்கு அடுத்த மாசம் நாப்பது முடியுது. ஆதாரு கார்டை எடுத்துக்கினு பேங்குக்கு அழைச்சுக்கினு போ. மார்க்கெட்டு மூணரைக்கு மூடுன அப்பால போலாம்னு சொல்லாத. கேஷியரும் அதுக்குள்ள எழுந்துடுவாரு.